வட்டுக்கோட்டைக் கிரகணம்: ஐரோப்பியக் கணிதம் தமிழுக்கு வந்த வழி

முன்னுரை

ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டு முதல் தழைத்து வளர்ந்த கணிதமும் வானநூலும் ஆசிய நாடுகளை எவ்வழியாக வந்தடைந்தன என்னும் வினா அறிவியல் வரலாற்றாசிரியருக்கு மட்டுமே உரியதன்று. அவ்வறிவைச் சுமந்து வந்தவர்களுள் பலர் அருட்பணியாளர்கள். ஆகவே திருச்சபை வரலாற்றைக் கற்போரும் கற்பிப்போரும் இவ்வினாவைத் தமக்குரியதாகக் கொள்ளவேண்டியவர்களாகின்றனர்.

ஜப்பான் நாட்டின் வரலாறு இதற்கு ஒரு சான்று. கார்லோ ஸ்பினோலா என்னும் இயேசு சபைக் குரு அந்நாட்டில் கணிதம் கற்பித்தார். 1612-ஆம் ஆண்டில் நாகசாகியில் ஒரு சந்திர கிரகணத்தை நோக்கி அவ்வூரின் தீர்க்கரேகையைக் கணிக்க முயன்றார். 1622-இல் விசுவாசத்தின் பொருட்டு அதே நகரில் எரித்துக் கொல்லப்பட்டார். சீனத்தில் மத்தேயோ ரிச்சியும் ஷூ குவாங்சியும் யூக்ளிடின் முதல் ஆறு நூல்களைச் சீன மொழியில் ஆக்கி 1607-இல் வெளியிட்டிருந்தனர். அந்நூலும் அதனை ஒத்த பிறவும், கிறிஸ்தவக் குருமாரின் கைபட்டவை என்னும் காரணத்தால், 1630-இல் ஜப்பானிய ஆட்சியாளரால் தடைசெய்யப்பட்டன. 1720-இல் ஷோகுன் யோஷிமுனே தடையைத் தளர்த்திய பின்னரே அறிவியல் நூல்கள் உள்ளே வர வழி பிறந்தது. அதன்பின் நாகசாகியின் மொழிபெயர்ப்பாளர்கள் டச்சு நூல்களைக் கற்றுத் தம் மொழியில் ஆக்கினர். 1857-இல் யானாகவா ஷுன்சான் மேனாட்டுக் கணக்குமுறையை ஜப்பானிய மொழியில் விளக்கி நூல் எழுதினார். 1872-இன் கல்விச் சட்டம் அம்முறையையே பள்ளிகளுக்கு உரியதாக்கியது.

அங்கே கிறிஸ்தவ விசுவாசத்துக்கு அஞ்சிக் கணிதத்தைத் தடுத்தனர். தமிழ் மக்கள் வாழும் யாழ்ப்பாணத்திலோ கிறிஸ்தவ விசுவாசத்தைப் பரப்புவதற்கென்றே கணிதத்தைக் கொண்டுவந்தனர். செயல்கள் இரண்டும் எதிரெதிரானவை. ஆயினும் இரண்டுக்கும் அடியில் இருந்த எண்ணம் ஒன்றே. கணிதமும் சமயமும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டவை, ஒன்றை ஏற்பவர் மற்றொன்றையும் ஏற்றே தீருவர் என்பதே அவ்வெண்ணம். அது வரலாற்றில் மெய்யாயிற்றா என்பதைத் தமிழ்மொழிக்கு ஐரோப்பியக் கணிதம் வந்த வழியைக் கொண்டு இங்கு ஆராய்வோம்.

1. முன்பே இருந்த கணிதம்

வெற்றுநிலத்தில் விதைத்தது போல ஐரோப்பியக் கணிதம் தமிழ்நாட்டில் விதைக்கப்பட்டது என்று எண்ணுவது பிழை. திண்ணைப் பள்ளியில் பயின்ற சிறுவன் எண்சுவடியை மனப்பாடமாக அறிந்திருந்தான். ஒன்றை முந்நூற்றிருபது கூறாக்கிய முந்திரி வரையில் பின்னங்களைக் கூட்டவும் பெருக்கவும் அவனுக்குத் தெரியும். நிலத்தின் பரப்பையும் நெல்லின் அளவையும் பொன்னின் மாற்றையும் கணக்கிடும் முறைகளைக் கணக்கதிகாரம் முதலிய நூல்கள் செய்யுளில் வகுத்திருந்தன. ஊர்க் கணக்கரின் தொழிலுக்கு இவை போதுமானவை.

இதனினும் நுட்பமானது பஞ்சாங்கக் கணிதம். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கக்காரர் பெரிதும் கையாண்டது வாக்கிய முறை. சந்திரனின் இயக்கம் ஏறத்தாழ 248 நாட்களுக்கு ஒருமுறை தன் வேக மாறுதலின் அதே நிலைக்குத் திரும்புகிறது. அந்த 248 நாட்களில் ஒவ்வொரு நாளுக்கும் சந்திரன் நிற்கும் இடத்தைக் குறிக்கும் எண்களை, எழுத்துக்கு எண்மதிப்புத் தந்து, பொருளுள்ள சிறு சொற்றொடர்களாக அமைத்து வைத்தனர். அவற்றை மனப்பாடம் செய்தவர் ஏட்டைப் பாராமலே நிலவின் இடத்தைக் கூற இயலும். கூட்டல் கழித்தல்களுக்குத் தரையில் பரப்பிய சோழிகள் போதும்.

கிரகணம் பற்றிய கோட்பாட்டிலும் இதே தெளிவைக் காண்கிறோம். பாம்பு நிலவை விழுங்குகிறது என்பது புராணக் கதை. பூமியின் நிழல் நிலவின்மேல் விழுகிறது என்பது சித்தாந்தக் கணிதம். பூமி உருண்டை என்பதையும், நிழலே சந்திர கிரகணத்துக்குக் காரணம் என்பதையும் ஆரியபட்டர் ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதிவிட்டார். அவருக்குப் பின்வந்த கணிதர் மரபு முழுவதும் அந்நிழலின் அளவைக் கொண்டே கிரகணத்தைக் கணித்தது. பஞ்சாங்கக்காரர் தம் இல்லத்தில் கிரகணத்தன்று நீராடி விரதம் காத்திருக்கலாம். சோழிகளின் முன் அமர்ந்தபோது அவர் கணக்கிட்டது பாம்பை அன்று, நிழலையே.

மேலும் இம்மரபு தனித்து வளர்ந்ததுமன்று. வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் தொகுத்த ஐந்து சித்தாந்தங்களுள் ஒன்று ரோமக சித்தாந்தம் எனப் பெயர் பெற்றது. நம் சோதிடர் நாள்தோறும் வழங்கும் ஓரை என்பதும் கேந்திரம் என்பதும் கிரேக்கச் சொற்கள். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் பயிலும் மாணவர்கள் கேந்திரத்தின் மூலமான கெந்திரோன் என்னும் சொல்லை அப்போஸ்தலர் 26:14-இல் காணலாம். அங்கு அது எருதை ஓட்டும் தாற்றுக்கோலின் முள்ளைக் குறிக்கிறது. வட்டம் வரையும் கருவியின் முள்முனை ஊன்றும் இடம் நடுப்புள்ளியாதலின், சொல் முள்ளிலிருந்து மையத்துக்குப் பெயர்ந்து, பின் இந்தியக் கணிதத்துள் வந்து அமர்ந்தது. 248 நாள் சுழற்சியோ பாபிலோனிய வானநூலிலும் காணப்படுவது. ஐரோப்பியர் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மேற்கும் கிழக்கும் கணிதத்தில் கொடுத்தும் வாங்கியும் பழகியிருந்தன.

2. கப்பலேறிச் சென்ற கணிதம்

தரங்கம்பாடியில் 1725 முதல் 1739 வரை பணியாற்றிய லுத்தரன் அருட்பணியாளர் கிறிஸ்தோப் தியோடோசியுஸ் வால்தர், தமிழ் மக்கள் காலத்தைக் கணிக்கும் முறையைக் கேட்டறிந்து இலத்தீனில் ஒரு நூலாக எழுதினார். அது 1738-இல் ருசிய நாட்டின் புனித பேதுரு நகரில் பேயர் என்னும் அறிஞரின் நூலோடு சேர்த்து அச்சிடப்பட்டது. அந்நூலுக்கு இந்தியரின் சூரிய ஆண்டைப் பற்றிய ஒரு குறிப்பை எழுதிச் சேர்த்தவர், அந்நூற்றாண்டின் தலைசிறந்த கணிதரான லெயோனார்டு ஆய்லர். தமிழ் ஆண்டின் நீளம் 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. இன்றைய அளவில் 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 விநாடி. விண்மீன்களை வைத்துக் கணிக்கும் உண்மையான ஆண்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மூன்றரை நிமிடத்துக்கும் குறைவு.

பிரெஞ்சு வானநூலார் லெ ஜாந்தீல் 1769-இல் வெள்ளி சூரியனைக் கடக்கும் காட்சியைக் காணப் புதுச்சேரியில் காத்திருந்தார். அன்று மேகம் மூடியதால் அவர் நோக்கம் நிறைவேறவில்லை. ஆயினும் அங்குத் தங்கிய காலத்தில் ஒரு தமிழ்க் கணிதரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பொழுதில், சோழிகளைக்கொண்டே, அத்தமிழர் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். 1765-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் நிகழ்ந்த கிரகணத்தின் கால அளவைத் தமிழ் முறை கூறியபோது நேர்ந்த பிழை 41 விநாடிக் குறைவு. ஐரோப்பாவில் மிகச் சிறந்தவையெனக் கருதப்பட்ட தொபியாஸ் மையரின் அட்டவணைகள் கூறியபோது நேர்ந்த பிழை 68 விநாடி மிகை.

1825-இல் சென்னையில் காலசங்கலிதம் என்னும் பெருநூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரியில் தாம் கண்ட மற்றொரு பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதினார். அவருக்குக் கோட்பாட்டை விளக்கத் தெரியவில்லை. நினைவாற்றலும் சோழிகளுமே அவருடைய கருவிகள். அவ்வாண்டு மே 31-ஆம் நாளிரவு நிகழ்ந்த கிரகணத்தை அவர் கணித்தபோது தொடக்கத்தில் 4 நிமிடமும், இடையில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை நேர்ந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். முறை ஒன்றே, ஒருமுறை ஐரோப்பிய அட்டவணையை வென்றது, மற்றொருமுறை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறையப் பிழைத்தது. பழைய மாறிலிகளில் இருந்த நுண்ணிய பிழைகள் நூற்றாண்டுகளாகக் குவிந்திருந்தன. அவற்றை வானத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்தும் வழக்கம் அருகிப்போயிருந்தது. வாக்கியம் மனத்தில் நின்றது. அது ஏன் அவ்வாறு அமைந்தது என்னும் விளக்கம் நழுவிப்போயிற்று. ஐரோப்பியக் கணிதம் இங்குத் தேவைப்பட்டது இந்த இடத்தில்தான்.

3. நுழைவாயில்கள் இரண்டு

அத்தேவை நிறைவேறத் தொடக்கத்தில் திறந்த வாயில்கள் இரண்டு. ஒன்று அரசு. சென்னையில் வில்லியம் பெட்ரி 1786-இல் தம் தனிமுயற்சியால் ஒரு வானாய்வகம் அமைத்தார். 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதனை ஏற்று நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. 1794-இல் மைக்கேல் டாப்பிங் நிலவளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கம்பெனிக்கு வேண்டியவை கடற்பயணத்துக்குத் திசையும், வரிவிதிப்புக்கு நிலப்படமும். வானாய்வகத்தில் நட்ட கருங்கல் தூணில் இலத்தீனோடு தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி எழுத்துக்களும் பொறிக்கப்பட்டன. ஆசியாவில் கணித அறிவு பிரிட்டிஷாரின் தயவால் முதன்முதல் நடப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்வருவோரும் அறியவேண்டும் என்பது அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. புதுச்சேரியின் தமிழ்க் கணிதரை லெ ஜாந்தீல் வியந்து கால் நூற்றாண்டு ஆகுமுன்னரே இவ்வாறு கூற முடிந்தது என்பது நாம் சிந்திக்கத்தக்கது.

மற்றொரு வாயில் திருச்சபை. சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தரங்கம்பாடியில் மேனாட்டு அறிவியலையும் பயின்றார். தாம் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில் சூரியனை நடுவாகக் கொண்டு கோள்கள் சுழலும் கோப்பர்நிக்கஸ் கொள்கையையும் உலகப்படச் செய்திகளையும் அமைத்தார். குறத்தி மலைவளமும் நாட்டுவளமும் பாடும் மரபுக்குள்ளேயே புதிய வானம் இடம்பெற்றது. ஐரோப்பிய அறிவு தமிழனின் காதுக்குத் தமிழ்ச் சந்தத்தில் கேட்ட முதற்காலங்களுள் அது ஒன்று. ஆயினும் பாட்டில் சொல்லலாம் முடிவுகளை மட்டுமே. அம்முடிவுகளைப் பெறும் வழியைக் கற்பிக்கப் பள்ளியும் கரும்பலகையும் பாடநூலும் வேண்டும். அவை அமைந்தது யாழ்ப்பாணத்தில்.

4. வட்டுக்கோட்டையில் நிகழ்ந்தது

அமெரிக்க மிஷன் 1816-இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கியது. 1823-இல் வட்டுக்கோட்டையில் அது நிறுவிய செமினரிக்கு முதல் தலைவர் தானியேல் பூவர். யூக்ளிடின் கேத்திரகணிதம், அட்சரகணிதம், திரிகோணகணிதம், நிலவளவை, வானநூல் ஆகியன அங்குக் கற்பிக்கப்பட்டன. தமிழ் இலக்கியமும் சமஸ்கிருதமும் கூடவே இருந்தன. இலங்கை அரசின் செயலாளராயிருந்த எமர்சன் டென்னன்ட் அதனை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பவைத்து 1850-இல் எழுதினார்.

பூவர் கணிதத்தைக் கணிதத்துக்காக மட்டும் கற்பிக்கவில்லை. மேருமலையைச் சுற்றி ஏழு கடல்களும் ஏழு தீவுகளும் அமைந்த புராண உலகம் பிழையெனக் காட்டினால், அதனைச் சொல்லும் புராணமும் பிழையென விளங்கும். புராணம் விழுந்தால் அதன்மேல் நிற்கும் சமயமும் தளரும் என்பது அவர் நம்பிக்கை. அதற்கான வாய்ப்பு 1829-இல் கிடைத்தது. அவ்வட்டாரத்தில் பரம்பரைப் பஞ்சாங்கக்காரராகப் பெரும்புகழ் பெற்றிருந்தவர் விசுவநாத சாஸ்திரியார். அவ்வாண்டு மார்ச்சு 20-ஆம் நாள் நிகழவிருந்த சந்திர கிரகணத்துக்கு அவர் குறித்திருந்த நேரமும், நீடிக்கும் காலமும், மறைக்கப்படும் பகுதியின் அளவும் தம்முடைய கணிப்போடு மாறுபட்டிருப்பதைப் பூவர் கண்டார். இம்மாறுபாட்டை முன்கூட்டியே ஊரறியச் செய்தார். குறித்த இரவில் மாணவரும் ஊராரும் கூடி வானத்தை நோக்கினர். நிலவு பூவரின் கணிப்பின்படியே மறைந்து வெளிப்பட்டது.

மிஷன் வட்டாரங்களில் இந்நிகழ்ச்சி பெருவெற்றியாக எடுத்துரைக்கப்பட்டது. அதன்பின் யாழ்ப்பாணத்தில் செமினரியின் கணிதத்துக்கு மதிப்பு உயர்ந்தது என்பதிலும் ஐயமில்லை.

5. தோற்றது எது?

ஆயினும் அன்றிரவு தோற்றது எது என்று நாம் கேட்கவேண்டும். பூவரும் சாஸ்திரியாரும் ஒரே வினாவுக்கு விடை தேடினர்: பூமியின் நிழல் நிலவின்மேல் எப்போது, எவ்வளவு, எத்துணை நேரம் விழும்? இருவரும் உருண்டையான பூமியையே கொண்டு கணக்கிட்டனர். வேறுபட்டது அட்டவணையின் புதுமை மட்டுமே. எனவே தோற்றது திருத்தப்படாத மாறிலிகள். புராணம் அந்தப் போட்டியில் பங்குபெறவேயில்லை.

இதனைப் பூவரே ஓரளவு உணர்ந்திருந்தார் என்பது அவருடைய கற்பித்தலால் விளங்குகிறது. புராண உலகத்தை மறுக்க அவரும் அவருடைய துணைவர்களும் சித்தாந்த நூல்களையே சான்றாக எடுத்துக்காட்டினர். உங்கள் கணிதரே பூமி உருண்டை என்கின்றனரே என்பது அவர்கள் வாதம். ஆனால் அந்த வாதத்துக்கு மறுபுறமும் உண்டு. சைவ அறிஞர் சித்தாந்தக் கணிதத்தைத் தமதென்று ஏற்று, ஐரோப்பியத் திருத்தத்தையும் ஏற்று, சமயத்தை அதற்கு வெளியே தனியே நிறுத்திக்கொள்ள இயலும். நிகழ்ந்ததும் அதுவே. பஞ்சாங்கம் அழியவில்லை. சைவம் தளரவில்லை, மாறாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆறுமுக நாவலரின் தலைமையில் அச்சகமும் பள்ளியும் கொண்டு புதுவலிமை பெற்றது. அக்கருவிகளைக் கையாளும் முறையை அவர்கள் மிஷனிடமே கற்றனர்.

ஆக, ஆயுதமாகக் கொண்டுவரப்பட்ட கணிதம் ஆயுதமாகப் பயன்படவில்லை. கல்வியாக மட்டுமே நிலைத்தது. அது கல்வியாக நிலைத்ததற்குக் காரணம் வேறு. அதனை அடுத்துக் காண்போம்.

6. தமிழ் பேசிய கணிதம்

பூவர் 1835-இல் மதுரைப் பணிக்குச் சென்றார். அவருக்குப் பின் செமினரியின் தலைவரான ஹென்றி ஹொய்சிங்டன் வேறு போக்குடையவர். 1848-இல் அவர் வெளியிட்ட கீழ்நாட்டு வானநூல், தமிழில் வழங்கிய கணித முறையைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் விரிவான விளக்கங்களோடும் தந்தது. எதிராளியின் பிழையைத் தேடுவதை விட்டு, அவருடைய முறையை உள்ளிருந்து அறிய முயன்ற நூல் அது. அவரே சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் ஆக்கி அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தின் இதழில் வெளியிட்டார் என்பதை இறையியல் மாணவர்கள் நினைவிற்கொள்ளவேண்டும். தமிழரின் வானத்தைப் பொறுமையாகக் கற்றவருக்குத் தமிழரின் இறையியலையும் பொறுமையாகக் கற்கும் மனம் வாய்த்தது.

செமினரியின் மாணவரும் பின்னர் ஆசிரியருமான கறோல் விசுவநாதபிள்ளை 1855-இல் வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். பாஸ்கரர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தம் நூலுக்கு இட்ட பீஜகணிதம் என்னும் பெயரையே அவர் தமிழொலியில் எடுத்துக்கொண்டார். ஐரோப்பியக் குறியீட்டு முறை பழைய இந்தியப் பெயரில் தமிழ் மாணவர் முன் வந்து நின்றது. தெரியாத எண்ணை எழுத்தாகக் கொண்டு சமன்பாட்டை அமைப்பது எவ்வாறு, அதனைப் படிப்படியாக விடுவிப்பது எவ்வாறு என்பதைத் தமிழ் வாக்கியங்களில் விளக்கும்போது, கற்பவன் முடிவை மட்டும் பெறுவதில்லை, வழியையும் பெறுகிறான். வாக்கிய முறையில் நழுவிப்போன விளக்கம் இங்கே மீண்டும் கைக்கு வந்தது. அட்சரகணிதம், கேத்திரகணிதம், திரிகோணகணிதம் என்னும் சொற்கள் இலங்கைத் தமிழ்ப் பள்ளிகளில் அதன்பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தன. மருத்துவத் துறையில் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இதே பணியைச் செய்தார்.

1855-ஆம் ஆண்டு மூன்று நிகழ்ச்சிகளுக்கு உரியது. வீசகணிதம் வெளிவந்த அதே ஆண்டில் பூவர் வாந்திபேதியால் மானிப்பாயில் இறந்தார். செமினரியும் மூடப்பட்டது. மிஷன் தலைமையின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சனும் அவருடன் வந்த குழுவும் செமினரியைப் பார்வையிட்டு, அது நற்செய்திப் பணியாளரைக் காட்டிலும் அரசாங்க உத்தியோகத்துக்கு உரியவரையே மிகுதியாக உருவாக்குகிறது என்று கண்டனர். ஆங்கிலக் கல்வியைக் குறைத்துத் தாய்மொழியில் ஊழியரைப் பயிற்றவேண்டும் என்பது ஆண்டர்சனின் கொள்கை. கொள்கை நன்று. ஆயினும் தாய்மொழியில் உயர்கணிதம் உருவாகிக்கொண்டிருந்த இல்லமே அக்கொள்கையால் மூடுண்டது. தாய்மொழி என்றால் எளிய கல்விக்கு மட்டும் உரியது என்னும் எண்ணம் அம்முடிவில் மறைந்திருந்ததாக நாம் கருதுகிறோம்.

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டத் தேர்வில் தேறிய இருவர் கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டை மாணவர்கள். இருவரும் பின்னாளில் சைவராகவே வாழ்ந்தனர். கறோல் என்னும் ஞானஸ்நானப் பெயர் நூலின் முகப்பில் தங்கிவிட்டது. அவரோ தம் முன்னோரின் சமயத்துக்குத் திரும்பினார். தாமோதரம்பிள்ளை தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏடுகள் பல ஒப்பிட்டுப் பதிப்பித்தார். ஏட்டோடு ஏட்டை ஒத்துப்பார்த்துப் பிழைகளையும் அவ்விடத்தில் நேர்மையையும் கடைப்பிடித்த அவருடைய முறையில், செமினரி கற்பித்த ஒழுங்கின் பயனைக் காண இடமுண்டு. பூவர் எதிர்பார்த்த அறுவடை இதுவன்று. எனினும் இது அறுவடையன்று என்று கூற நமக்கு உரிமை இல்லை.

7. மலைமேல் நின்ற கருவி

சென்னை வானாய்வகத்தின் வழியும் இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்குப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்ததை இந்திய மொழிகளில் சிறுநூலாக எழுதி மக்களுக்கு விளக்கினார். பழைய வாக்கியத்தை வானத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்தும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காகவும் பாடுபட்டார். விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கத்தில் பூவர் கண்ட பிழையை, பஞ்சாங்க மரபின் உள்ளிருந்தே திருத்த முனைந்தவர் அவர். திருத்தம் வெளியிலிருந்து தோல்வியாக வரும்போது வரவேற்பு இல்லை. உள்ளிருந்து கடமையாக வரும்போது வழி பிறக்கிறது.

அந்த வானாய்வகத்தின் பணி 1899-இல் கோடைக்கானலுக்குச் சென்றது. அதன் மரபில் 1968-இல் ஜவ்வாது மலையின் காவலூரில் வானநோக்குப் பணி தொடங்கியது. 1986 முதல் வேணு பாப்புவின் பெயரைத் தாங்கும் அந்நிலையத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1988-இல் அங்குக் கண்டறிந்த சிறுகோள் ஒன்றுக்குக் கணிதமேதை இராமானுஜனின் பெயர் இடப்பட்டது. தமிழன் ஒருவனின் கணிதப் புகழ் இம்மலையின் வழியாக வானத்தில் எழுதப்பட்டது எனலாம்.

அதே மலைத்தொடரில்தான் புதூர்நாடும் புங்கம்பட்டுநாடும் நெல்லிவாசல்நாடும் உள்ளன. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள் அவை. தொலைநோக்கி ஒரு மலைக்கு வருவதும், அது காட்டும் அறிவு அம்மலை மக்களின் பேச்சில் வந்து தங்குவதும் ஒன்றன்று. நெல்லிவாசல்நாட்டுச் சிறுமி ஒருத்தி கிரகணம் ஏன் நிகழ்கிறது என்று கேட்டால், அவள் பேசும் தமிழில், அவள் முன்பே அறிந்த நிலவிலிருந்தும் பருவத்திலிருந்தும் தொடங்கி, முடிவை மட்டும் கூறாமல் வழியையும் காட்டி விளக்கும் ஆசிரியர் அவளுக்கு வேண்டும். அத்தகைய ஆசிரியர் இருக்கும் இடத்தில்தான் கணிதம் வந்து சேர்ந்தது என்று கூறலாம். வட்டுக்கோட்டையின் வரலாறு நமக்கு விட்டுச்சென்ற அளவுகோல் இதுவே.

முடிவுரை

நாம் கண்டவற்றிலிருந்து மூன்று உண்மைகள் தெளிவாகின்றன.

முதலாவது, பெறுபவர் வெறுங்கையர் அல்லர். ஐரோப்பியக் கணிதம் வந்தபோது அதனை அளந்து பார்க்கத்தக்க கணிதம் இங்கே இருந்தது. அவ்வாறு இருந்ததனால்தான் 1829-இன் கிரகணம் ஒரு வழக்காகவும் முடிந்தது. வானத்தைக் கணிக்காத மக்களிடம் கணிப்பின் பிழையைக் காட்ட இயலாது.

இரண்டாவது, அறிவு நிலைப்பது மொழியில். கல்தூணில் பொறித்த தமிழ் எவரையும் கணிதராக்கவில்லை. வீசகணிதத்தின் தமிழோ மாணவரை உருவாக்கியது. ஜப்பானியர் தடையை நீக்கிய பின்னர் தம் மொழியில் ஆக்கிக்கொண்டதால் அக்கணிதம் அவர்களுடையதாயிற்று. நம் செமினரிகளில் இறையியலைத் தமிழில் சிந்தித்து எழுத முயலும்போது எதிர்ப்படும் இடர்களும் கறோல் விசுவநாதபிள்ளை எதிர்கொண்டவையே. சொல் இல்லை என்று அவர் நின்றுவிடவில்லை. பழைய சொல்லைத் தேடி எடுத்துப் புதிய பணி தந்தார்.

மூன்றாவது, உண்மையை வேறொன்றுக்குக் கருவியாக்குபவர் அதன் பயனைத் தம் விருப்பப்படி அளந்து பெற இயலாது. யூக்ளிடின் தேற்றம் கிறிஸ்தவனுக்கும் சைவனுக்கும் ஒன்றே. அதனைக் கொடுப்பவர் அதற்கு மாற்றாக விசுவாசத்தைக் கேட்பாராயின், தேற்றத்தையும் விசுவாசத்தையும் ஒருங்கே சிறுமைப்படுத்துகின்றார். இன்றும் சபைகளில் அறிவியலின் ஒரு முடிவை வேதத்துக்குச் சான்றாக நிறுத்தும் பிரசங்கங்களையும், மற்றொரு முடிவை வேதத்துக்குப் பகையாக விரட்டும் பிரசங்கங்களையும் கேட்கிறோம். இரண்டும் வட்டுக்கோட்டையின் பழைய எண்ணத்தின் இரு முகங்களே.

நம் தமிழ் வேதாகமம் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில், நட்சத்திரத்தைக் கண்டு கிழக்கிலிருந்து வந்தவர்களைச் சாஸ்திரிகள் என்று அழைக்கிறது. அவர்கள் தம் நாட்டில், தம் கணிதத்தால், தம் வானத்தை நோக்கிக்கொண்டிருந்தவர்கள். அவர்களுடைய கணிப்பு பிழையென நிறுவப்பட்டு அவர்கள் பெத்லகேமுக்கு வரவில்லை. தாம் அறிந்த வானத்தைப் பின்பற்றியே வந்தார்கள். வட்டுக்கோட்டையின் சாஸ்திரியாரைப் பற்றித் திருச்சபை எழுதிய பக்கங்களை நாம் மீண்டும் படிக்கும்போது, இச்சொல்லை அருகில் வைத்துக்கொண்டு படிப்பது நலம்.